சோதனை என்னும் சொல்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சைவனாகப் பிறந்து வளர்ந்த ஒரு தமிழாசிரியன் கிறிஸ்தவ சமயக் கருத்தொன்றைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களிற் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் ஈழத்தில் இது புதிய காரியமல்ல. பேர்சிவல் பாதிரியார் வேதாகமத்தைத் தமிழிற் பெயர்த்தபோது அவருக்குத் துணைநின்று தமிழைச் செம்மை செய்தவர் ஆறுமுக நாவலர். சைவத்தில் அவருக்கிருந்த உறுதியை எவரும் ஐயுற மாட்டார்கள். அந்த உறுதியோடேயே அவர் பிறர் வேதத்தையும் சொற்சொல்லாகக் கற்றார். அந்தத் துணிவோடு நானும் ஒரு சொல்லைக் கையிலெடுத்து வந்திருக்கிறேன். அந்தச் சொல் ‘சோதனை’.

அண்மையில் வகுப்பிலே இந்தச் சொல்லை வைத்து வாக்கியம் அமைக்கும்படி மாணவரிடம் கேட்டேன். ஒருவன் ‘சோதனைக்குப் படிக்கிறேன்’ என்று எழுதினான். பரீட்சையை எங்கள் வீடுகளிலே ‘சோதினை’ என்றுதானே சொல்கிறோம். இன்னொருத்தி, ‘ஓமந்தைச் சோதனைச் சாவடியில் அம்மாவின் பையைக் கொட்டிப் பார்த்தார்களாம்’ என்று எழுதினாள். அந்தச் சாவடி 2015 இல் அகற்றப்பட்டுவிட்டது. அவள் அதனைக் கண்டறியாள். ஆயினும் தாயின் வாய்ச்சொல் வழியாக அது அவளுடைய தமிழுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. மூன்றாமவன் ‘கடவுள் எங்களைச் சோதிக்கிறார்’ என்று எழுதினான். கடைசி வாங்கிலிருந்த ஒரு கத்தோலிக்கப் பிள்ளை எழுதியது வேறு: சோதனையில் விழாதபடி ஒவ்வொரு நாளும் செபிக்கிறோம் என்று.

பரீட்சையில் சித்தியடையவில்லை என்றால் ‘விழுந்திட்டான்’ என்று சொல்லலாம். சாவடியில் எவரும் விழுவதில்லை, பிடிபடுவார்கள். இந்தப் பிள்ளை சொல்லும் விழுகை எது? அன்றிரவு முழுதும் அந்த வினா என்னோடு இருந்தது.

இயேசுநாதர் தம் சீடருக்குக் கற்பித்த செபத்திலே, முடிவை அண்டி இந்தச் சொல் வருகிறது. கிரேக்க மூலத்திலுள்ள சொல் ‘பெய்ராஸ்மொஸ்’. அதற்கு இரண்டு பொருள் உண்டு. ஒருவருடைய உறுதியை அறியும்பொருட்டு வைக்கும் பரீட்சை ஒன்று. ஒருவரை விழுத்தும்பொருட்டுக் காட்டும் ஆசை மற்றொன்று. ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. தமிழோ கிரேக்கத்தைப் போலவே ஒரு சொல்லுக்குள் இரண்டையும் அடக்கிவிட்டது.

இதனாலே மொழிபெயர்ப்பில் ஒரு சிக்கல் உண்டு. நம் நாட்டிலே சீர்திருத்தத் திருச்சபையினர் வழிவழியாகச் சொல்லிவரும் தமிழ்ச் செபம், எங்களைச் சோதனைக்கு உட்படுத்தாதிரும் என்ற பொருளைத் தருகிறது. கத்தோலிக்கர் சொல்வது, சோதனையில் எங்களை விழவிடாதிரும் என்ற பொருளைத் தருகிறது. முன்னையதைக் கேட்கும் ஒருவர், அப்படியானால் கடவுளா மனிதனைச் சோதனைக்குள் தள்ளுகிறார் என்று கேட்கக்கூடும். மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் அவர்கள் 2017 ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு தொலைக்காட்சி உரையாடலில் இதே ஐயத்தை எழுப்பினார். தன் பிள்ளையை விழுத்திவிட்டு வேடிக்கை பார்க்கும் தகப்பன் இல்லை என்பது அவருடைய கருத்து. பிரெஞ்சு மொழிச் செபம் அவ்வாண்டிலும், இத்தாலிய மொழிச் செபம் 2020 இலும் திருத்தப்பட்டன. அத்திருத்தங்கள் சொல்லவந்த பொருளை நம் கத்தோலிக்க மக்கள் அதற்கு நெடுங்காலம் முன்பே தமிழிற் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதனை ஒரு தமிழாசிரியன் சற்றுப் பெருமையோடு குறிப்பிட்டால் நீங்கள் பொறுத்துக்கொள்ளல் வேண்டும்.

நேயர்களே, சைவருக்குச் சோதனை என்றதும் பெரியபுராணம் நினைவுக்கு வரும். இயற்பகையாரிடம் மனைவியைக் கேட்டு வந்தவர் யார்? சிறுத்தொண்டரிடம் பிள்ளைக்கறி கேட்டு வந்த வைரவர் யார்? சிவபெருமானே. சோதிப்பவனும் அவன், இறுதியில் இடபத்தின் மீது காட்சி கொடுப்பவனும் அவன். சோதனை கொடியதாயினும் அதன் மறுபக்கத்தில் அருள் நிற்கிறது. கிறிஸ்தவ வேதத்திலும் இத்தகைய சோதனை இல்லாமலில்லை. ஆபிரகாமிடம் மகனைப் பலியிடும்படி கேட்கப்பட்ட கதையை வாசிக்கும் எந்தச் சைவனுக்கும் சிறுத்தொண்டர் நினைவு வராமற் போகாது.

ஆனால் வனாந்தரத்தில் இயேசுநாதர் சோதிக்கப்பட்ட கதை வேறு வகையானது. அங்கே வருபவன் பகைவன். அவன் கேட்பது எதுவுமில்லை, கொடுப்பதற்கே வருகிறான். பெரியபுராணத்துச் சோதனை, உன்னிடமுள்ள அரியதைத் தா என்று கேட்கிறது. வனாந்தரத்துச் சோதனை, உனக்கு வேண்டியதைப் பெற்றுக்கொள் என்கிறது. இவ்விரண்டில் எது கடினமானது என்று என்னைக் கேட்டால், இரண்டாவதே என்பேன். கேட்பவனைக் கண்டால் நாம் விழித்துக்கொள்வோம். கொடுப்பவனைக் கண்டால் விழிப்பதில்லை.

மத்தேயு எழுதிய நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தை இலக்கியமாகவே வாசித்துப் பாருங்கள். நாற்பது நாள் உண்ணாதிருந்தவருக்குப் பசிக்கிறது. அந்த நேரம் பார்த்துச் சோதிப்பவன் வருகிறான். அவன் முதலிற் சொல்வது அப்பத்தைப் பற்றி. கல்லை அப்பமாக்கு என்கிறான். இதில் என்ன பிழை? பசித்தவன் உண்பது பாவமா? பின்னொரு நாள் ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்தவர் இவரேயல்லவா? பசி பாவமல்ல என்பதை 2009 இன் முதல் மாதங்களில் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் கஞ்சிக்கு வரிசையில் நின்ற வன்னி மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அங்கே வைக்கப்பட்ட பொறி வேறு. ‘நீ தேவனுடைய மகனானால்’ என்று அவன் தொடங்குகிறான். உன் பசியை வைத்து உன்னை நிரூபி; உன் பலத்தை உனக்காகவே பயன்படுத்து; யாரையும் நம்பிக் காத்திராதே. உள்ளே இருந்தது இதுதான். மேலே தெரிந்தது அப்பம்.

இரண்டாவது சோதனையிலே இன்னொரு நுட்பம் உண்டு. ஆலயத்தின் உச்சியில் நிறுத்தி, கீழே குதி, உன்னைத் தாங்கத் தேவதூதர் வருவர் என்கிறான். அதற்கு ஆதாரமாகச் சங்கீதத்திலிருந்து அடிகளை எடுத்துக் காட்டுகிறான்! வேதம் படித்தவன்தான் அவனும். மேற்கோள் காட்டத் தெரிந்திருப்பது ஒருவருடைய நேர்மைக்குச் சான்றாகாது என்பதை மேடையிலே பேசித் திரியும் எங்களைப் போன்றவர்கள் இந்த இடத்தில் நின்று ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நல்லது. மூன்றாவது, உலகத்து அரசுகள் அனைத்தும். அதற்கு விலை ஒரேயொரு வணக்கம்.

மூன்றுக்கும் இயேசுநாதர் கொடுத்த மறுமொழி மிகச் சுருக்கமானது. மூன்றும் உபாகமம் என்ற பழைய நூலிலிருந்து வந்தவை. அவர் வாதாடவில்லை. ஏதேன் தோட்டத்துக் கதையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே பாம்பு ஒரு கேள்வி கேட்கிறது. ஏவாள் விளக்கம் சொல்லத் தொடங்குகிறாள். உரையாடல் நீளுகிறது. கனியைப் பறிப்பதற்கு முன்பே அந்த உரையாடலில் அவள் பாதித் தூரம் போய்விட்டாள். ஆசையோடு பேரம் பேசத் தொடங்கினால் வெல்வது அரிது என்பதை இவ்விரு காட்சிகளும் அடுத்தடுத்து வைத்துச் சொல்கின்றன.

இனி, இது நம் மண்ணில் எப்படி நடந்தது என்று பார்ப்போம். ஒல்லாந்தர் 1658 இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினார்கள். கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுக்கு ஒளிய இடம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமென அறிவிக்கப்பட்டது. இது அச்சுறுத்தல். இதற்குப் பக்கத்திலேயே மென்மையான இன்னொன்றும் இருந்தது. ஒல்லாந்தருடைய சீர்திருத்தத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றுப் பதிந்துகொண்டால் உத்தியோகம் உண்டு. விவாகம் சட்டப்படி ஏற்கப்படும். யாரும் உங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கப் போவதில்லை. பெயரைக் கொடுத்தாற் போதும்.

பலர் பெயரைக் கொடுத்தார்கள். கத்தோலிக்கர் மாத்திரமல்ல, எங்கள் சைவர்களுந்தான். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பெயர் கூப்பிடும்போது ஆளாக நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து திருநீறு பூசிக்கொண்டவர்களின் வழித்தோன்றல்கள் நாங்கள். 1796 இல் ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் தளர்ந்ததும், ஏடுகளில் இருந்த கிறிஸ்தவர்களிற் பெரும்பாலோர் கரைந்து போயினர். அவர்களை இகழ்வதற்காக இதனைச் சொல்லவில்லை. பிள்ளைக்கு ஒரு வேலை, மகளுக்கு ஒரு சட்டபூர்வமான கலியாணம். கேட்டது அப்பம்போல எவ்வளவு நியாயமானது!

வேறு சிலர் பெயரைக் கொடுக்கவில்லை. மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதாவின் திருச்சுருபத்தை எடுத்துக்கொண்டு 1670 அளவில் வன்னிக் காட்டுக்குள் போயின என்பது மடுத் திருப்பதியின் மரபு. இன்று சைவரும் நேர்த்தி வைத்துப் போய்வரும் மருதமடு அவ்வாறு உண்டானது. அந்த மக்களுக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குரு இல்லை, பூசை இல்லை. 1687 இல் கோவாவைச் சேர்ந்த யோசேவ் வாஸ் அடிகளார் ஏழைக் கூலியாள்போல வேடங்கொண்டு இலங்கைக்கு வந்தபோது, வீடுகளுக்குள்ளே செபமாலை சொல்லிக்கொண்டு இருந்தவர்களைத் தேடிப் போனார். 2015 சனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்றே மடுவுக்கும் வந்து போனார். முப்பது ஆண்டுகள் அவர்களைத் தாங்கியது எது? தனியொருவரின் வீரம் என்று நான் நினைக்கவில்லை. மாலையில் ஒன்றாக இருந்து சொன்ன செபந்தான் தாங்கியிருக்க வேண்டும். ஒருவர் தளர்ந்த நாளில் மற்றவர் சொல்லியிருப்பார்.

நேயர்களே, வரலாற்றைச் சொல்வது எளிது. என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

2011 ஆம் ஆண்டு. முல்லைத்தீவு மாவட்டத்துக் கரையோரக் கிராமமொன்றில் மீள்குடியேறிய மக்களுக்கு இழப்பு விபரப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் வந்த வேலை. தரப்பாள் கொட்டிலொன்றில் மேசை போட்டு இருந்தேன். வீடு, கிணறு, ஆடு, மாடு, துவிச்சக்கர வண்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரை. படிவம் நிரப்ப நிரப்ப ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஒரு சைக்கிள் இருந்தவருக்கு இரண்டு, பத்துக் கோழி இருந்தவருக்கு முப்பது. எல்லோரும் எழுதுகிறார்கள், எழுதாதவன் ஏமாளி என்று பேச்சு. என் சொந்தப் படிவத்திலும் இரண்டு சைக்கிள் என்றுதான் எழுதியிருந்தேன். எனக்கு இருந்தது ஒன்று.

பின்னேரம் ஒரு ஆச்சி வந்தார். கத்தோலிக்கர். ஒரு வள்ளம், இரண்டு வலை, பதினொரு தென்னை என்று கணக்காகச் சொன்னார். நான் கேட்டேன்:

“ஆச்சி, தையல் மெசினும் ஒண்டு எழுதட்டோ?”

“என்னட்டைத் தையல் மெசின் இருக்கேல்லையே தம்பி.”

“எல்லாரும் எழுதினம் ஆச்சி. போனதெல்லாத்தையும் பாக்கேக்கை மெசின் ஒரு பொருளே?”

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்:

“மெய்தான் தம்பி. வீடே போட்டுது. ஆனா இரவைக்குச் செபம் சொல்லேக்கை அந்த இடத்திலை எனக்கு நாக்குத் தடக்கும். அதை விடுங்கோ.”

எந்த இடம் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. படிவத்தை முடித்துக் கொடுத்தேன். பெருவிரல் அடையாளம் வைத்துவிட்டுப் போனார். பல வருடங்கள் கழித்து வகுப்பிலே அந்தக் கடைசி வாங்குப் பிள்ளையின் வாக்கியத்தைப் படித்தபோதுதான் விளங்கியது. சோதனை என்ற சொல் வருகிற இடம் அது.

அன்று அந்த மேசையில் சோதிக்கப்பட்டவர் ஆச்சி. சோதித்தவன் நான். நான் அவருக்கு இரங்கித்தான் கேட்டேன் என்பதே இதிலுள்ள துயரம். என் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்கவில்லை. சோதனை கொம்பும் வாலுமாக வருவதில்லை. உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன் என்று, தெரிந்த முகத்தோடு வருகிறது. என்னுடைய படிவத்துக்கு எந்தக் கொடுப்பனவும் வரவில்லை. பொய் மாத்திரம் எங்கோ ஒரு கோப்பில் என் அழகான கையெழுத்தில் இருக்கிறது.

இனி, சோதனையை எதிர்கொள்வது எப்படி? கிறிஸ்தவ மரபு இதுபற்றி நிறையச் சிந்தித்திருக்கிறது. யாக்கோபு எழுதிய நிருபம், கடவுள் எவரையும் தீமைக்குத் தூண்டுவதில்லை, அவரவர் ஆசையே அவரவரை இழுக்கிறது என்று கூறி, ஆசை கருவுற்றுப் பாவத்தைப் பெறுகிறது, பாவம் வளர்ந்து மரணத்தைப் பெறுகிறது என்று ஒரு வம்சாவளியே சொல்கிறது. நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்திலே தவமிருந்த எவாகிரியுஸ் என்ற துறவி, மனிதனை அலைக்கும் எண்ணங்களை எட்டாக வகுத்தார். எண்ணம் வந்து போவது நம் கையில் இல்லை. அதைத் தங்கவிடுவதும் விடாததும் நம் கையில் உண்டு என்பது அவருடைய பாடம். ஆகவே மனதில் சபலம் எழுந்ததற்காக எவரும் தம்மை வெறுக்க வேண்டியதில்லை. சோதிக்கப்படுவது பாவமல்ல. பாவமற்றவர் என்று கிறிஸ்தவர் வணங்கும் இயேசுநாதரே சோதிக்கப்பட்டவர் அல்லவா?

நம் இலக்கியத்திலும் இதற்கு ஒரு பெருங்காப்பியம் உண்டு. ஆங்கிலேயராகிய யோன் பன்யன் 1678 இல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையைத் தழுவி, எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894 இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ தந்தார். வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் தோய்ந்து, பின்னர் கிறிஸ்தவரானவர் அவர். பன்யனின் கதையில் ஓரிடம் உண்டு. பயணிகள் நடந்துவரும் பாதை கரடுமுரடானது. வேலிக்கு அப்பால் புல்வெளியூடாக ஒரு நல்ல பாதை தெரிகிறது. அதுவும் இதே திசையில்தானே போகிறது என்று ஏறிக் கடக்கிறார்கள். அவ்வளவுதான். ஐயம் என்னும் கோட்டைக்குள் அகப்படுகிறார்கள். நாட்கணக்கில் அடிவாங்கிய பிறகே, அந்தக் கோட்டைக் கதவுகளைத் திறக்கும் திறவுகோல் தன் மடியிலேயே இருந்தது தலைவனுக்கு நினைவு வருகிறது. அதன் பெயர் வாக்குறுதி. தப்பும் வழி இல்லாத சோதனை இல்லை என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதைப் பன்யன் கதையாக்கிக் காட்டியதாகவே நான் வாசிக்கிறேன். ஆச்சியிடம் அந்தத் திறவுகோல் இருந்தது. நாள்தோறும் சொல்லிப் பழகிய ஒரு செபம். அதைச் சொல்லும்போது நாக்குத் தடக்கக் கூடாதே என்ற கவலை. அவருக்கு அது போதுமாயிருந்தது.

விழுந்தவர்களுக்கு என்ன வழி? கெத்செமனித் தோட்டத்திலே, சோதனைக்கு உட்படாதபடி விழித்திருந்து செபியுங்கள் என்று இயேசுநாதர் சொன்னார். சீடர் தூங்கிவிட்டார்கள். அன்றிரவே இராயப்பர், அவரை அறியேன் என்று மூன்று முறை மறுதலித்தார். அவரைக் கலங்க வைத்தது படைவீரனின் வாளல்ல. நெருப்புக் காய்ந்த இடத்தில் ஒரு வேலைக்காரப் பெண் கேட்ட கேள்வி. சேவல் கூவியதும் வெளியே போய் அழுதார். பின்னர், உயிர்த்தெழுந்த இயேசுநாதர் கடற்கரையிலே அவரிடம் மூன்று முறை, நீ என்னை நேசிக்கிறாயா என்று கேட்டார். மூன்று மறுதலிப்புக்கு மூன்று கேள்வி. அதுவும் ஒரு சோதினைதான். இந்த முறை அவர் சித்தியடைந்தார். முல்லைத்தீவுக் கடற்றொழிலாளர் கும்பிடும் இராயப்பர் வழுக்காத மனிதரல்லர். வழுக்கி, அழுது, மீண்டும் எழுந்தவர்.

அன்பு நேயர்களே, சோதனை என்ற சொல்லின் வேர் வடமொழியில் ‘சோதனா’. தூய்மை செய்தல் என்பது அதன் பொருள். பொன்னை உலையிலிட்டு மாசு நீக்குவது அது. பரீட்சை, சாவடி, ஆசை என்று நாம் வழங்கும் பொருள்களுக்கெல்லாம் அடியில் அந்தப் பழைய பொருள் கிடக்கிறது. எங்கள் சைவ அடியார் அதனை அறிந்திருந்தனர். மடுக்காட்டுக்குள் போன மக்களும் அறிந்திருந்தனர். அந்த ஆச்சியும் அறிந்திருந்தார்.

அடுத்த தவணையில் எவராவது ஒரு பிள்ளை என்னிடம் இந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்டால், அகராதியைப் புரட்டுவதற்கு முன்பு இந்த மேசைக் கதையைத்தான் சொல்வேன். எழுதப்படாத தையல் மெசினைப் பற்றியும் சொல்வேன். எழுதப்பட்ட இரண்டாவது சைக்கிளைப் பற்றியும் சொல்வேன்.